நாவின் முடிச்சு

பள்ளிவாசல்களில் நடைபெறும் ஜமாஅத் கூட்டங்களை உற்று நோக்குவோர் ஓர் உண்மையைக் கண்டிருப்பர். ஊரின் நன்மை தீமை பற்றிய பொருள் பேசப்படும். மக்தபுக்குப் புதிய கட்டடம் வேண்டுமா, வக்ஃபு நிலத்தின் குத்தகையை உயர்த்தலாமா, ஏழைக் குமரின் திருமணத்துக்கு எவ்வளவு உதவுவது என்பன போன்ற வினாக்கள் எழும். அவற்றுக்குச் சரியான விடை அறிந்த ஒருவர் கடைசி வரிசையில் தூணோரம் அமர்ந்திருப்பார். அவருக்குக் கணக்கும் தெரியும், சட்டமும் தெரியும். ஆயினும் அவர் எழுந்திருக்கமாட்டார். கூட்டம் கலைந்து, வாசலில் செருப்பைத் தேடும்போது, அருகில் நிற்பவரிடம், "இப்படிச் செய்திருக்கலாமே" என்று மெல்லக் கூறுவார். முடிவோ அதற்குள் எடுக்கப்பட்டு, ஏட்டிலும் எழுதப்பட்டிருக்கும்.

இந்த மௌனத்தை அடக்கம் என்று நாம் பாராட்டுவதுண்டு. சிலரிடத்தில் அது அடக்கமே. பலரிடத்தில் அது அச்சம். எழுந்து நின்றால் நா உலர்ந்துவிடும், கால் நடுங்கும், சொல்ல வந்தது மறந்துபோகும், நாலுபேர் நகைப்பார்கள் என்னும் அச்சம். இதனால் விளையும் கேடு அஞ்சியவரோடு நின்றுவிடுவதில்லை. அறிந்தவர் அஞ்சி அமர்ந்துவிட்டால், அறியாதவர் அஞ்சாமல் எழுந்து பேசுவார். ஊரும் அவர் காட்டிய வழியே செல்லும். கல்லூரி வாய்மொழித் தேர்வில் விடை தெரிந்தும் வாய் திறவாத மாணவன், நேர்முகத் தேர்வில் தன் தகுதியைத் தானே மறைத்துக்கொள்ளும் பெண், மருத்துவரிடம் தன் நோயை முழுமையாகச் சொல்லத் தயங்கும் முதியவர் ஆகிய அனைவரையும் வாட்டுவது இந்த ஓர் அச்சமே. ஆகவே, சபையச்சம் என்பது பேச்சாளராக விரும்புவோருக்கு மட்டும் உரிய கவலையன்று. ஒவ்வொரு குடும்பமும் சிந்திக்க வேண்டிய பொருள் இது.

கடலூர் மாவட்டம் பேச்சுக்குப் பஞ்சமில்லாத மண். 1929-ஆம் ஆண்டு தோன்றிய சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக, ஆங்கிலப் பேச்சில் உலகப்புகழ் பெற்ற சீனிவாச சாஸ்திரியார் 1935 முதல் 1940 வரை பணியாற்றினார். தமிழ் மேடையைப் பல்லாண்டு ஆண்ட நாவலர் நெடுஞ்செழியனும் பேராசிரியர் அன்பழகனும் அங்கே பயின்றவர்கள். அஞ்சாத நாவுக்குப் பேர்பெற்ற எழுத்தாளர் ஜெயகாந்தன் 1934-இல் கடலூரில் பிறந்தவர். லால்பேட்டையிலோ நூற்றாண்டு கடந்த மன்பவுல் அன்வார் அரபிக் கல்லூரி, மிம்பரில் நின்று உரையாற்றும் ஆலிம்களைத் தலைமுறை தலைமுறையாக உருவாக்கி வருகிறது. இவ்வளவும் அருகிலிருக்க, பரங்கிப்பேட்டையிலும் நெல்லிக்குப்பத்திலும் கடலூர் முதுநகரிலும் வாழும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர், மீலாது மேடையில் மனப்பாடம் செய்த ஐந்து நிமிடங்களுக்கு அப்பால், தம் சொந்தச் சொல்லில் ஒரு கருத்தை எடுத்துரைக்க வல்லவர்கள்?

மூஸா நபியின் வேண்டுதல்

சபையில் நடுங்குவது ஈமானின் குறைவு என்று எண்ணுவோர் உளர். அல்லாஹ்வுக்கு மட்டுமே அஞ்ச வேண்டியவன் மனிதர்முன் ஏன் நடுங்க வேண்டும் என்று அவர்கள் கேட்பார்கள். பிள்ளைகளையும் அவ்வாறே கடிந்துகொள்வார்கள். அவர்கள் திருமறையில் மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை மறுமுறையும் ஓதிப் பார்ப்பது நன்று.

ஃபிர்அவ்னின் அரசவைக்குச் சென்று பேசுமாறு ஆணை வந்தபோது, மூஸா நபி அவர்கள் தமது நெஞ்சு நெருக்குண்ணும் என்றும், நாவு சரளமாக ஓடாது என்றும் தம் இறைவனிடம் மறைக்காமல் முறையிட்டதை 26-ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. நெஞ்சில் ஓர் இறுக்கம், நாவில் ஒரு தடை! மேடை ஏறிய எவரும் அறிந்த நிலையன்றோ இது? ஒரு மாநபியே தம் நிலையை இவ்வாறு வெளிப்படையாகச் சொன்னார்கள் என்றால், பத்து வயதுச் சிறுவனின் நடுக்கத்தை நாம் பழிப்பது எங்ஙனம் முறையாகும்?

அடுத்து, 20-ஆம் அத்தியாயமாகிய 'தாஹா'வில் அவர்கள் கேட்ட உதவிகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் நெஞ்சம் விரிவடைய வேண்டினார்கள். இரண்டாவதாகப் பணி எளிதாக வேண்டினார்கள். மூன்றாவதாகவே நாவிலுள்ள முடிச்சு அவிழ வேண்டினார்கள். அந்த முடிச்சு அவிழ்வதற்கு அவர்கள் சொன்ன காரணம், கேட்போர் தமது சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது. நாலாவதாகத் தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகக் கேட்டார்கள்.

நெஞ்சம், பணி, நா, துணை என்னும் இந்த நான்கும் சபையச்சத்துக்கு மருந்தாக அமைவதை எண்ணி வியக்கிறோம். நாமோ நெஞ்சையும் பணியையும் விட்டுவிட்டு, நேரே நாவைப் பிடித்துத் திருத்தத் தொடங்குகிறோம். துணையைப் பற்றி நினைப்பதே இல்லை. நம் பிள்ளைகளின் அச்சம் தீராமைக்குப் பெருங்காரணம் இதுவே என்பது என் கருத்து.

உடலில் நிகழ்வது யாது?

நெஞ்சம் விரிவதற்கு முதல் வழி, அதற்குள் நிகழ்வது என்னவென்று அறிவது. நம் சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அட்ரினல் சுரப்பிகள் அமைந்துள்ளன. பாம்பைக் கண்டவுடன் ஓடவோ எதிர்க்கவோ உடலை ஆயத்தப்படுத்துபவை இவையே. இவற்றின் சுரப்பு இரத்தத்தில் கலந்தவுடன் இதயம் விரைந்து துடிக்கிறது. வாய் உலர்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. வயிற்றில் ஏதோ புரள்வது போலிருக்கிறது. நூறு கண்கள் ஒருசேரத் தன்னை நோக்கும்போதும் உடல் இதையே செய்கிறது. நம்மைக் காப்பதற்காக இறைவன் அமைத்த ஏற்பாடு, பாம்பு இல்லாத இடத்திலும் விழித்துக்கொள்கிறது, அவ்வளவே.

இந்த அலை பேச்சின் தொடக்கத்தில்தான் உச்சத்தில் நிற்கும். பேச்சு ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் பெரும்பாலோர்க்கு அது தணிந்துவிடும். இதை அறிந்தவன், "முதல் இரண்டு நிமிடம் கடந்தால் போதும்" என்று தன்னைத் தேற்றிக்கொள்வான். அறியாதவன், "இப்போதே இப்படியென்றால் இறுதியில் என் கதி என்ன?" என்று கலங்கி அலையைப் பெரிதாக்கிக்கொள்வான்.

இன்னோர் உண்மையும் உண்டு. நம் நடுக்கம் அவையோர் அனைவருக்கும் வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது என்று நாம் நினைக்கிறோம். அமெரிக்க உளவியல் ஆய்வாளர்களான சவிட்ஸ்கி, கிலோவிச் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. பேசியவர்கள் தாங்கள் எவ்வளவு பதற்றமாகத் தோன்றினோம் என்று மதிப்பிட்டார்களோ, அதைவிடக் குறைவாகவே கேட்டவர்களுக்கு அந்தப் பதற்றம் தெரிந்திருந்தது. இந்த உண்மையை முன்கூட்டியே எடுத்துச் சொல்லப்பட்டவர்கள், சொல்லப்படாதவர்களைவிட நன்றாகப் பேசினர். ஆகவே, நடுங்கும் பிள்ளையிடம், "உன் நெஞ்சு அடித்துக்கொள்வது உனக்குத்தான் கேட்கிறது, கேட்போருக்குத் தெரியாது" என்று சொல்லி அனுப்புங்கள். அந்தச் சொல் வெறும் ஆறுதலன்று, உண்மையுமாகும்.

பிரிட்டோரியாவில் ஒரு கூட்டம்

நெஞ்சுக்கு அடுத்தது பணி. எதற்காகப் பேசுகிறோம் என்னும் நோக்கம் தெளிந்தால் அச்சம் எவ்வாறு விலகும் என்பதற்கு, நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது.

1927 செப்டம்பரில் காந்தியடிகள் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் வந்தார். மக்கள் திரள் திரளாகக் கூடி அவர் சொல்லைக் கேட்டனர். அந்த மனிதர், இளமையில் நாலுபேர் முன் வாய் திறக்க இயலாதவராக இருந்தார் என்பதை அவரே தம் தன்வரலாற்றில் விரிவாக எழுதியுள்ளார். பள்ளி முடிந்ததும் யாரேனும் தன்னோடு பேசிவிடுவார்களோ என்று வீட்டுக்கு ஓடிவிடும் சிறுவன் அவர். இலண்டனில் சட்டம் பயின்றபோது, மரக்கறி உணவாளர் கூட்டமொன்றில் படிப்பதற்காக ஒரு தாளில் எழுதிச் சென்றார். எழுந்து நின்றதும் கண் மங்கிக் கை நடுங்கியது. உடன் வந்தவர் அதை வாங்கிப் படித்தார். 1891-இல் தாயகம் திரும்புமுன் நண்பர்களுக்கு ஒரு விருந்து அளித்தார். நகைச்சுவையாகத் தொடங்க வேண்டும் என்று எண்ணிச் சென்றவர், முதல் வாக்கியத்துக்கு மேல் நகர இயலாமல், நன்றி கூறி அமர்ந்தார். பம்பாயில் வழக்கறிஞராக முதல் வழக்கில் சாட்சியை விசாரிக்க எழுந்தார். தலை சுற்றியது. கட்சிக்காரரின் முகவரிடம் வேறொருவரை அமர்த்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, நீதிமன்றத்தை விட்டு வெளியேறினார்.

இவர் எங்கே பேசத் தொடங்கினார் என்பதே நமக்குச் சுவையான செய்தி. தாதா அப்துல்லா என்னும் முஸ்லிம் வணிகரின் நிறுவனத்துக்காக 1893-இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தி, பிரிட்டோரியா நகரில் வாழ்ந்த இந்தியர்களைக் கூட்டினார். ஹாஜி முஹம்மது ஹாஜி ஜூசப் என்னும் வணிகரின் இல்லத்தில் கூட்டம் நடைபெற்றது. வந்தோரில் பெரும்பாலோர் மேமன் வணிகர்கள். வாணிபத்தில் வாய்மை என்பதே பொருள். அங்குக் குடியேறிய இந்தியர்கள் படும் இன்னல்களையும், அவற்றை நீக்க ஒரு சங்கம் தேவை என்பதையும் அவர் எடுத்துரைத்தார். தம் வாழ்வின் முதல் பொதுப்பேச்சு என்று கூறத்தக்கது இதுவே என்று அவர் பின்னாளில் குறித்தார்.

ஈராண்டுக்கு முன் நாவெழாத அதே மனிதர் அன்று எப்படிப் பேசினார்? விருந்தில் அவர் தம் நகைச்சுவையைக் காட்ட முயன்றார். நீதிமன்றத்தில் தம் திறமை சோதிக்கப்படுவதாக உணர்ந்தார். அங்கெல்லாம் அவர் பார்வை தம்மீதே இருந்தது. பிரிட்டோரியாவிலோ, எதிரே அமர்ந்திருந்தவர்களின் துன்பம் அவர் நெஞ்சை நிறைத்திருந்தது. பேசவேண்டிய பொருளையும் அவர் முன்கூட்டியே ஆயத்தம் செய்து சென்றிருந்தார். கூச்சம் அன்றோடு அடியோடு அகன்றுவிட்டதாக அவர் எங்கும் சொல்லவில்லை. தம் கூச்சம் சொற்களைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்றுத் தந்தது என்றே எழுதினார்.

திருவள்ளுவர் 'அவையஞ்சாமை'யை 73-ஆம் அதிகாரமாக வைத்து, அதற்கு முன்னே 72-ஆம் அதிகாரமாக 'அவையறித'லை அமைத்ததும் இங்கே நினையத்தக்கது. கேட்போர் யார், அவர்களுக்கு எது தேவை என்று அறிந்தபின்னரே அஞ்சாமை வருகிறது. நம் இல்லங்களிலோ, "நன்றாகப் பேசிப் பரிசு வாங்கி வா" என்று பிள்ளையை மேடைக்கு அனுப்புகிறோம். "இந்தச் செய்தியை ஊராருக்குப் புரியும்படி சொல்லிவிட்டு வா" என்று அனுப்பினால், அந்தப் பிள்ளையின் பார்வையே மாறிவிடும்.

ஆயத்தத்தின் சிறப்பு

மூன்றாவது நா. நாவை ஆள்வது பயிற்சி. மூன்றாம் கலீஃபா உதுமான் (ரலி) அவர்கள் பொறுப்பேற்றபின் முதன்முறையாக மிம்பரில் ஏறியபோது பேச்சு தடைப்பட்டது என்றும், தமக்கு முன்னிருந்த அபூபக்கர், உமர் (ரலி) இருவரும் அந்த இடத்துக்கென உரையை ஆயத்தம் செய்துகொண்டு வந்ததை அவர்கள் நினைவுகூர்ந்தார்கள் என்றும், பேசும் தலைவரைவிட நீதியுள்ள தலைவரே மக்களுக்குத் தேவை என்று சொல்லி இறங்கினார்கள் என்றும் அரபு இலக்கிய நூல்களில் ஒரு செய்தி உண்டு. குர்ஆனைத் தொகுத்து உலகுக்கு அளித்த பெருந்தகையின் பெருமை, அன்று சில சொற்கள் குறைந்ததால் குன்றிவிட்டதா? பேச்சு தடைப்படுவது பெருங்குற்றமன்று என்பதும், ஆயத்தம் செய்வது இழிவன்று என்பதும் இச்செய்தி தரும் பாடங்கள்.

பஸராவில் வாழ்ந்து 748-இல் மறைந்த வாஸில் இப்னு அதா என்னும் அறிஞருக்கு 'ர' என்னும் ஒலி நாவில் சரியாக வராது. அவர் அவ்வொலி வரும் சொற்களை எல்லாம் விலக்கி, அதே பொருள் தரும் வேறு சொற்களைக் கொண்டே நெடிய உரைகளை நிகழ்த்தினார் என்பர். எவ்வளவு சொல்வளமும் பயிற்சியும் இருந்தால் அது இயலும்! திக்கும் பிள்ளையைப் பெற்றோர் இதை அப்பிள்ளைக்குச் சொல்லலாம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பேச்சு முறையும் நமக்கு வழிகாட்டுகிறது. எண்ண விரும்புவோர் சொற்களை எண்ணிவிடலாம் என்னும்படி அவர்கள் நிதானமாகப் பேசுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். நன்கு விளங்கும் பொருட்டு மும்முறை கூறுவார்கள் என்றும் நபிமொழித் தொகுப்புகளில் காண்கிறோம். தொழுகையை நீட்டி உரையைச் சுருக்குவதை அறிவுடைமையின் அடையாளமாக அவர்கள் குறிப்பிட்டார்கள். விரைந்து பேசுவது அச்சத்தின் பிள்ளை. நிதானமோ அச்சத்தைத் தணிக்கும் மருந்து.

இதற்கான பயிற்சி நம் மக்தபிலேயே இருக்கிறது என்பதை நாம் மறந்துவிட்டோம். தஜ்வீது முறைப்படி ஓதப் பழகும் குழந்தை எங்கே நிற்க வேண்டும், எங்கே மூச்சை நிறைத்துக்கொள்ள வேண்டும், எங்கே குரலை நீட்ட வேண்டும் என்பதை ஐந்து வயதிலேயே கற்கிறது. மூச்சை மெல்ல இழுத்து நீளமாக வெளிவிடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும் என்று மருத்துவம் கூறுகிறது. ஓதும்போது மூச்சை ஆளத் தெரிந்த பிள்ளை, பேசும்போது மட்டும் மூச்சிரைக்க ஓடுவானேன்? "ஓதுவதைப் போலவே நின்று நின்று பேசு" என்று உஸ்தாது ஒருமுறை சொன்னால் போதும்.

லுக்மா கொடுக்கும் சமுதாயம்

நாலாவதாக மூஸா நபி கேட்ட துணையை நாம் அறவே மறந்திருக்கிறோம். ரமளான் இரவில், தராவீஹ் தொழுகையில் இளம் ஹாஃபிஸ் ஒருவர் ஓதிக்கொண்டிருக்கிறார். நடுவில் ஓர் இடத்தில் நினைவு தடுமாறி நின்றுவிடுகிறார். அப்போது என்ன நிகழ்கிறது? பின்னால் நிற்கும் மற்றொரு ஹாஃபிஸ் விடுபட்ட சொல்லை எடுத்துக் கொடுக்கிறார். அதை லுக்மா கொடுத்தல் என்கிறோம். ஓதியவர் அதைப் பற்றிக்கொண்டு மேலே செல்கிறார். எவரும் நகைப்பதில்லை. மறுநாள் அதே இளைஞர் மீண்டும் முன்னே நிற்கிறார்.

இதே ஊரில், மறு மாதம் ஒரு விழா மேடையில் ஒரு சிறுமி மனப்பாடம் செய்த உரையை நடுவில் மறந்து நிற்கிறாள். மண்டபத்தில் ஒரு சிரிப்பலை எழுகிறது. சிலர் கைப்பேசியில் அதைப் படம் பிடிக்கிறார்கள். இரவுக்குள் அது பல வீடுகளுக்குச் சென்றுவிடுகிறது. தாய் வீட்டுக்கு வந்து, "மானத்தை வாங்கிவிட்டாயே" என்கிறாள். அந்தச் சிறுமி இனி எந்த மேடையில் ஏறுவாள்? தொழுகையில் லுக்மா கொடுக்கக் கற்ற சமுதாயம், மேடையில் மட்டும் நகைக்கக் கற்றது ஏன்?

ஒருமுறை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் பேச வந்த ஒருவர், அவர்கள் முன்னிலையில் உடல் நடுங்கி நின்றார். பெருமானார் அவரை அமைதிகொள்ளச் செய்தார்கள். தாம் அரசரல்லர் என்றும், உலர்ந்த இறைச்சி உண்டு வாழ்ந்த ஒரு பெண்ணின் மகனே என்றும் கூறி அவருடைய நடுக்கத்தைப் போக்கினார்கள். இப்னு மாஜாவின் தொகுப்பில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. பேசுபவரின் அச்சத்தை நீக்கும் பொறுப்பைக் கேட்பவரே ஏற்றுக்கொண்ட காட்சி இது. நம் விழாக்களில் முன்வரிசையில் அமரும் பெரியவர்கள் இந்த ஸுன்னத்தைப் பேண வேண்டாமா? தடுமாறும் பிள்ளையை நோக்கி ஒரு புன்னகை, ஒரு தலையசைப்பு, விடுபட்ட ஒரு சொல், இவை போதும்.

பெண்மக்களைப் பற்றித் தனியே ஒரு சொல். மதீனாவின் அன்ஸாரிப் பெண்மணி அஸ்மா பின்த் யஸீது (ரலி) அவர்கள், பெண்களின் சார்பாக அண்ணலாரின் அவையில் எழுந்து தம் கேள்வியை எடுத்துரைத்ததையும், அவரது பேச்சை அண்ணலார் தோழர்களிடம் வியந்து பாராட்டியதையும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கடலூர் முதுநகரில் 1890-இல் எளிய குடும்பத்தில் பிறந்த அஞ்சலையம்மாள், விடுதலைப் போரில் பலமுறை சிறை சென்று, 1937-இல் சட்டமன்ற உறுப்பினரானார். பெண்ணின் குரல் சபைக்கு ஆகாது என்று எவரும் இம்மண்ணில் சொல்வதற்கில்லை. நாணம் வேறு, நடுக்கம் வேறு. நாணம் ஈமானின் பகுதி. தனக்கு உரியதைக் கேட்கவும் இயலாத நடுக்கம் ஈமானின் பகுதியன்று.

வீடே முதல் மேடை

பேசப் பழக்குவதற்குப் பெரிய மேடைகள் தேவையில்லை. வாரத்தில் ஒருநாள், வெள்ளிக்கிழமை இரவு உணவுக்குப்பின் ஒரு கால்மணி நேரம் ஒதுக்கினால் போதும். அன்று ஜும்ஆ பயானில் ஆலிம் கூறியதைப் பிள்ளை தன் சொல்லில் எழுந்து நின்று சொல்லட்டும். அடுத்த வாரம் நாளிதழில் படித்த ஒரு செய்தியைச் சொல்லட்டும். முதலில் வீட்டார், பிறகு பாட்டனார் பாட்டியார், பிறகு அண்டை வீட்டார் என்று அவை சிறிது சிறிதாக விரியட்டும். அஞ்சியதை அடியடியாக நெருங்கினால் அச்சம் குறையும் என்பது இன்றைய மனநல மருத்துவமும் ஏற்கும் முறை. பேச்சு முடிந்தவுடன் பிழைகளை அடுக்கவேண்டாம். சொன்ன பொருளைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். தன் சொல் செவியில் ஏறியது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று பிள்ளைக்கு வேறில்லை.

உரையை முழுவதும் மனப்பாடம் செய்விப்பதைத் தவிர்ப்பது நல்லது. சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்தவன் ஒரு சொல்லை இழந்தால் எல்லாவற்றையும் இழக்கிறான். முதல் இரண்டு வாக்கியங்களையும் இறுதி வாக்கியத்தையும் மட்டும் உறுதியாக நினைவில் நிறுத்திவிட்டு, இடையில் மூன்று கருத்துகளைச் சிறு அட்டையில் குறித்துக்கொள்ளலாம். அட்டையைப் பார்த்துப் பேசுவது இழுக்கன்று. வீட்டில் குரல் எழுப்பிப் பலமுறை சொல்லிப் பார்க்க வேண்டும். மனத்துக்குள் படிப்பது நாவுக்குப் பயிற்சி ஆகாது. இயன்றால் விழாவுக்கு முன்பே மண்டபத்துக்குச் சென்று, மேடையில் நின்று பார்த்துவரலாம். ஒலிபெருக்கியில் தன் குரல் எப்படி ஒலிக்கிறது என்று முன்னரே கேட்டவன் அன்று திடுக்கிடமாட்டான். அவையில் ஒருவரைத் தேர்ந்து, அவருக்குச் சொல்வதுபோல் தொடங்கினால் நூறு முகங்களின் பாரம் குறையும்.

அரபிக் கல்லூரிகளில் மாணவர்கள் வாராவாரம் தம் தோழர்முன் எழுந்து பேசிப் பழகுகிறார்கள். அந்த வழக்கத்தை நம் ஜமாஅத்துகள் ஊரின் ஏனைய இளைஞர்களுக்கும் விரிக்கலாம். பரிசும் போட்டியும் இல்லாத கூட்டமாக அது இருக்கட்டும். ஜமாஅத் ஆலோசனைக் கூட்டங்களிலும், இறுதி முடிவுக்கு முன், இதுவரை பேசாதவர்களின் கருத்தைத் தலைவர் பெயர் சொல்லிக் கேட்கலாம். எழுந்து பேச இயலாதவர் எழுதிக் கொடுக்கவும் வழி செய்யலாம். ஆலோசித்துச் செயல்படுவது நம் மார்க்கம் வலியுறுத்தும் பண்பு. சிலர் மட்டுமே பேசும் கூட்டத்தில் ஆலோசனை எவ்வாறு நிறைவுறும்?

ஒரு சிலருக்கு இவ்வச்சம் அளவு கடந்து செல்லும். பள்ளிக்கே செல்ல மறுத்தல், நாட்கணக்கில் உறக்கமின்மை, மூச்சடைப்பு, மனிதரைக் கண்டாலே ஒதுங்குதல் ஆகியவை தொடர்ந்தால், அது மருத்துவத்தால் தீரக்கூடிய நோய். அதைக் கண்ணேறு என்றும் பிடிவாதம் என்றும் தள்ளிப் போடுதல் தகாது. அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். 2022 முதல் நாடெங்கும் இயங்கிவரும் டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண் 14416-லும் இலவசமாக ஆலோசனை பெறலாம். நடுக்கம் குறைய நண்பர் தந்த மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் விழுங்குவது ஆபத்து; இதயத் துடிப்பைத் தணிக்கும் சில மாத்திரைகள் ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும்.

மூஸா (அலை) அவர்கள் வேண்டியவை வழங்கப்பட்டதாகத் திருமறை அறிவிக்கிறது. ஆயினும் அவர்கள் ஃபிர்அவ்னின் அவைக்குத் தனியாக அனுப்பப்படவில்லை. உடன்பிறந்தவர் உடன் சென்றார். நம் பிள்ளைகளின் நெஞ்சை விரிவாக்குபவன் இறைவன். அவர்களுக்கு ஹாரூனாக உடன் நிற்கும் பொறுப்பு தந்தைக்கும் தாய்க்கும், உஸ்தாதுக்கும், முன்வரிசையில் அமர்ந்து கேட்கும் நம் ஒவ்வொருவருக்கும் உரியது. வரும் விழாவில் ஒரு பிள்ளை தடுமாறி நிற்குமாயின், சிரிப்பதற்குமுன் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுப்போமாக!